தோப்பு வீட்டு விருந்தாளி

அத்தியாயம் 9

பொங்கலன்று சாயங்காலம், மாந்தோப்புக் குடிலின் கேட்டருகே துடைப்பமும் கையுமாக நின்றிருந்த வசந்தியை, "அத்த கீழ போடும்மா, வரப்போற விருந்தாளியே நீதான்" என்று மகள் ஷாலினி கைபிடித்து இழுத்துப் போனாள். போன வாரம் அங்கேதான் நின்றோம்.

புதிதாக வந்து சேர்கிறவர்களுக்காகக் கொஞ்சம். கே.ஜி.கண்டிகைக்கு வெளியே சிவப்பிரகாசத்தின் மாந்தோப்பில், பம்ப்செட்டுக்குப் பக்கத்தில் ஒரு மரக் குடில் இருக்கிறது. சென்னையிலிருந்து காரில் வந்து சனி ஞாயிறு தங்கிப் போகிறவர்களுக்காகக் கட்டியது. கட்டிய நாளிலிருந்து அதைப் பெருக்கி, துடைத்து, விரிப்பு மாற்றி, வந்தவர்களுக்கு நாட்டுக்கோழிக் குழம்பு வைத்துப் போடுவது வசந்தி. அந்தக் குடிலில் அவள் கை படாத பலகை கிடையாது. அவள் உட்கார்ந்த நாற்காலியும் கிடையாது. அவளுக்குச் சாப்பாடு பம்ப்செட் தொட்டியின் விளிம்பில்.

வாடகைக்கு விடுகிற வேலையைச் சிவப்பிரகாசத்தின் மகன் பூபாலன் சென்னையில் இருந்தபடி போனிலேயே பார்க்கிறான். 'ஷாலினி, நாலு பேர், பொங்கலுக்கு இரண்டு ராத்திரி' என்று வந்த செய்திக்கு உடனே சரி என்று போட்டுவிட்டான். எந்த ஷாலினி என்று கேட்கவில்லை. தோப்பில் வேலை செய்கிற வசந்திக்கு ஒரு மகள் இருப்பது அவனுக்குத் தெரியும். அந்த மகளுக்கு ஒரு பெயர் இருக்கும் என்பதுதான் அவனுக்குத் தோன்றியதே இல்லை.

அப்படி வந்து சேர்ந்த நாலு பேர்: வசந்தி, அவள் கணவர் துளசிங்கம், பட்டம் வாங்கி அம்பத்தூரில் வேலைக்குப் போகும் ஷாலினி, ஆந்திராப் பக்கம் நகரியிலிருந்து ஆவணியில் மருமகளாக வந்த துர்கா. மகன் அசோக்குமாருக்குக் கம்பெனியில் லீவு கிடைக்கவில்லை. தலைப் பொங்கலுக்கே லீவு தராத கம்பெனி என்ன கம்பெனியோ!

மாட்டுப் பொங்கல் விடிந்தது.

துளசிங்கம் காதைச் சுற்றித் துண்டு கட்டிக்கொண்டு தாழ்வாரத்துக்கு வந்தார்.

"யப்பா, இன்னா குளுரு! அந்த மிஷின யாரும்மா அவ்ளோ வச்சது?"

"நீதான் நைனா. ரிமோட்ட யாருக்கும் தராம நெஞ்சுல வச்சிகினு தூங்கின," என்றாள் ஷாலினி.

"நடுவுல எழுந்து நிறுத்தலாம்னு பாத்தேன். எத்த அமுக்கினாலும் கூவுது. நிக்கமாட்டுது. கையெடுத்து கும்புட்டுட்டு வெளிய வந்து படுத்துட்டேன்."

அடுப்படியில் உளுந்து களைந்துகொண்டிருந்த துர்கா சத்தமாகச் சிரித்தாள். மாமனார் முன்னால் சிரிக்கலாமா என்று யோசிக்கிற பெண் இல்லை அவள். துளசிங்கத்துக்கு அது பிடித்தும் இருந்தது.

வசந்தி தாழ்வாரத்து ஜன்னலோரப் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். சாய்ந்து இல்லை. யாரோ கூப்பிட்டால் எழுந்து ஓடுகிறவள் மாதிரி விளிம்பில். கையில் துர்கா போட்டுக் கொடுத்த டீ. மாமரத் தலைகளுக்கு மேலே திருத்தணி மலை பனிக்குள்ளிருந்து வெளியே வந்துகொண்டிருந்தது.

"தூங்கினியாம்மா?" என்றாள் ஷாலினி.

"தூங்கினேன். நடுவுல ஒருவாட்டி எழுந்து பாத்ரூம தொடச்சேன்."

"ஐயோ அம்மா!"

"பழக்கம்டி. பாதி தொடச்சப்புறம்தான் ஞாபகம் வந்துது, இன்னிக்கு நான் வேலக்காரி இல்லன்னு. அதுக்காக பாதியில உட முடியுமா?"

சிரித்துக்கொண்டே சொன்னவள், டம்ளரைக் கீழே வைத்ததும் சிரிப்பையும் நிறுத்தினாள்.

"நாளைக்கு காலீல வரைக்கும் நான் இங்கதான் இருப்பேன், ஷாலு. யாரு கூப்ட்டாலும் எழுந்து போவமாட்டேன். இந்த ஒரு நாளு எனக்கு வேணும்."

எனக்கு வேணும். இந்த இரண்டு சொற்களை அம்மா வாயிலிருந்து ஷாலினி கேட்டதே இல்லை. 'உனக்கு வேணுமா', 'அவனுக்கு வேணும்', 'ஐயா வீட்ல கேட்டாங்க', இவைதான் அம்மாவின் பாஷை.

"ஆனா ஒண்ணு கேட்டுக்கோ," என்றாள் வசந்தி. "வருஷத்துல எத்தினியோ நாளு கீது. நீ மாட்டுப் பொங்கலா பாத்து எடுத்தது இன்னாத்துக்குன்னு எனக்கு தெரியும்."



காரணம் இதுதான். ஒவ்வொரு மாட்டுப் பொங்கலுக்கும் சிவப்பிரகாசம் குடும்பம் இந்தத் தோப்புக் கிணற்றடியில் மாடுகளுக்குப் பொங்கல் வைக்கும். இடத்தைச் செதுக்கி, சாணி தெளித்து, கோலம் போட்டு, கல் கூட்டி, அடுப்பு மூட்டுவது வசந்தி. பொங்கியதும் வேலைக்காரக் குடும்பங்கள் தூக்குப் பாத்திரத்தோடு தள்ளி நிற்கும். பாத்திரத்தில் கை படாமல் உயரத்திலிருந்து பொங்கலை ஊற்றுவார்கள். பள்ளிக்கூடத்துச் சீருடையை விட்டால் வேறு நல்ல துணி இல்லாத வயதில், அந்த வரிசையில் ஷாலினியும் தூக்கு பிடித்து நின்றிருக்கிறாள். கொதிக்கக் கொதிக்க ஒரு பருக்கை கையில் தெறித்தது. ஊற்றியவர்கள் பார்க்கவில்லை.

"அவங்க வந்து பாக்கும்போது நீ நாற்காலில உக்காந்துகினு இருக்கணும். அதான்," என்றாள் ஷாலினி கடைசியில்.

"உக்காந்துட்டேன். இனிமே நீ வாயத் தொறக்காத. இது என் நாளு. உன் சண்டைக்கு எடுத்து செலவு பண்ணிடாத."

ஷாலினிக்குச் சுருக்கென்றது. சரியாகத்தான் சொல்கிறாள் என்பதால் இன்னும் சுருக்கென்றது.

வெயில் ஏறுவதற்குள் ஜீப் வந்துவிட்டது. முன்னால் வெள்ளை வேட்டியில் சிவப்பிரகாசம். பின்னால் மஞ்சள் கட்டிய பித்தளைப் பானையை மடியில் வைத்தபடி அவர் மனைவி சுஜாதா. தொழுவத்தில் மாடுகள் கொம்புக்குப் பூசிய பச்சையும் சிவப்புமாகக் காத்திருந்தன.

"வசந்தி! ஏ வசந்தி! இன்னும் கோலம்கூட போடலியா?" என்று கிணற்றடியைப் பார்த்துக் கத்திக்கொண்டே இறங்கியவரின் கண் குடில் தாழ்வாரத்துக்கு வந்தது. நின்றது.

புது வேட்டியில் இருந்த துளசிங்கம் எழுந்துவிட்டார். எழுந்ததோடு, தோளில் இருந்த துண்டும் தானாகக் கைக்கு வந்துவிட்டது.

"குந்துய்யா," என்றாள் வசந்தி மெதுவாக. அவர் பாதி உட்கார்ந்து பாதி நின்றார்.

"துளசி, இன்னா பண்ணிகினு கீற இங்க?"

"ஐயா, அது வந்து... பாப்பாதான்..."

"ரூம் எடுத்துகீறோம்," என்றாள் ஷாலினி. "நாளைக்கு காலீல வரைக்கும். தோ, உங்க பையன் சரின்னு போட்டது." போனை நீட்டினாள்.

சிவப்பிரகாசம் போனைப் பார்க்கவில்லை. நீட்டிய கையையும் பார்க்கவில்லை.

"பூபாலன் ஆளு தெரியாம குடுத்துட்டான். கெளம்புங்க. மாடு பாக்க ஊரே வரும். நீங்க வாசல்ல குந்திகினு கீறத பாத்தா நாலு பேரு இன்னா பேசுவான்?"

"இன்னா பேசுவாங்க? நாங்க குந்தினா நாற்காலி ஒடஞ்சிடும்னா?"

"ஷாலினி," என்றாள் வசந்தி. அவ்வளவுதான். ஷாலினி பல்லைக் கடித்துக்கொண்டாள். படிப்பு கொடுத்த அத்தனை சொற்களும் அந்தப் பல்லுக்குப் பின்னால் வரிசையில் நின்றன. 

வசந்தி சொன்னாள்: "ஐயா, நாளைக்கு காலீல காலி பண்ணிடறோம். நானே பெருக்கி தொடச்சி குடுத்துடறேன். அது வரைக்கும் இருக்கறதா பேச்சுங்க."

"யாரு கூட பேச்சு? உனக்கு இங்க வேல வேணுமா வேணாமா? அத்த மொதல்ல சொல்லு."

துளசிங்கம் உள்ளே போய்ப் பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். எத்தனை வருஷப் பயமோ, கால் தானாக நடக்கிறது. அவரைத் திட்ட ஷாலினிக்கு மனசு வரவில்லை. திட்டவேண்டியது அவரை இல்லை.

அப்போதுதான் துர்கா வெளியே வந்தாள். கையெல்லாம் உளுந்து மாவு. மாமனார் கையிலிருந்த பையைப் பார்த்தாள். சிவப்பிரகாசத்தின் முகத்தைப் பார்த்தாள். அவரிடம் ஒரு சொல் பேசவில்லை. நேராகச் சுஜாதாவிடம் போனாள்.

"ஈ ரோஜு கனும கதா அக்கா?" இன்றைக்குக் கனுமதானே அக்கா என்று தெலுங்கில் கேட்டாள்.

சுஜாதா சட்டென்று திரும்பினாள். நகரிக்குப் பக்கத்துப் புத்தூரில் பிறந்தவள்; வசந்தி சொல்லித் துர்காவுக்கு அது தெரியும். கல்யாணமாகி வந்த பிறகு இந்தத் தோப்பில் யாரும் அவளிடம் அவள் வீட்டுப் பாஷையில் பேசியதில்லை.

"நீ எந்த ஊரும்மா?"

"நகரிக்கா. கட்டிக்கினு வந்த மொத சங்கராந்தி."

பிறகு இருவரும் தெலுங்கிலேயே பேசினார்கள். துர்கா கேட்டது இவ்வளவுதான். 'எங்கள் வீடு ஏரிக்கு அந்தப்பக்கம், வேறு ஊர். போவதென்றால் இந்த ஊர் எல்லையைத் தாண்ட வேண்டும். கனுமவன்று புதுப்பெண் ஊரெல்லை தாண்டலாமா? பெரியவர்கள் நீங்களே சொல்லுங்கள் அக்கா. போ என்று நீங்கள் சொன்னால் இப்போதே போய்விடுகிறேன்.'

மாட்டுப் பொங்கலைத்தான் அந்தப் பக்கத்தில் கனும என்பார்கள். அன்றைக்கு யாரும் ஊரைவிட்டு ஊர் கிளம்பமாட்டார்கள். வந்தவர்களையும் அனுப்பமாட்டார்கள். சுஜாதாவுக்கு இதை யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. காலையில்தான், மசக்கையோடு வந்திருக்கும் மகள் சுசித்ரா சென்னைக்குக் கிளம்புகிறேன் என்று நின்றபோது, கார் சாவியை வாங்கிச் சாமி ரூமில் வைத்துப் பூட்டிவிட்டு வந்திருந்தாள்.

"இன்னிக்கு இவங்க போக வேணாங்க," என்றாள் சுஜாதா.

"நீ சும்மா இரு."

"கனுமன்னிக்கு ஒரு புதுப்பொண்ண எல்லை தாண்ட வச்சிட்டு அந்தப் பாவத்த யாரு சுமக்கறது? நம்ம வீட்லயும் ஒருத்தி வயித்துல புள்ளையோட இருக்கா."

சிவப்பிரகாசம் தோப்பையே எரித்துவிடுகிற மாதிரி ஒரு பார்வை பார்த்தார். ஆனால் மகள் பேச்சு வந்த பிறகு அதற்கு மேல் பேச அவருக்கும் நாக்கு எழவில்லை.

"சரி, இருந்து தொலைங்க. வசந்தி, எழுந்து வா. வந்து அடுப்பு வேலையப் பாரு."

எல்லோரும் வசந்தியைப் பார்த்தார்கள். துளசிங்கம் பையைப் பிடித்தபடி பார்த்தார். இத்தனை வருஷம் அந்தக் குரலுக்கு எழுந்த உடம்பு. முழங்கால் அசைவதை ஷாலினி கண்ணாலேயே பார்த்தாள்.

வசந்தி நாற்காலியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். எழுவதற்கு என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவள் பின்னால் நகர்ந்து முதல் தடவையாக முழுசாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"இன்னிக்கு நான் வரலீங்க ஐயா. நாளைக்கு வெள்ளன வந்துடறேன்."

"வரலியா? ஏன், இன்னா உனக்கு?"

"நான் விருந்தாளிங்க."

காய்ச்சல் என்று லீவு சொல்கிற அதே குரலில் சொன்னாள். சவால் இல்லை, கெஞ்சல் இல்லை. ஷாலினி ஒரு மாதமாகக் கண்ணாடி முன் நின்று பேசிப் பார்த்த வசனங்கள் இருந்தன. அத்தனையும் இந்த ஒரு சொல்லுக்கு முன்னால் வெறும் இரைச்சல்.

சிவப்பிரகாசம் போனை எடுத்து யார் யாரையோ கூப்பிட்டார். பண்டிகை நாளில் யார் வருவார்கள்? கடைசியில் சுஜாதாவே முந்தானையைச் செருகிக்கொண்டு கல் கூட்டினாள்.

துர்கா உள்ளே போனதும் ஷாலினி பின்னாலேயே போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணி, நெசமாவே உனக்கு இதுல நம்பிக்கையா?"

"எனக்கா?" துர்கா குரலைத் தாழ்த்தினாள். "போன வருஷம் கனுமன்னிக்குத்தான் பஸ் ஏறி திருப்பதி போயி ரெண்டு படம் பாத்துட்டு வந்தேன். உங்க அண்ணன்கிட்ட சொல்லிடாத. அவரு என்னிய சாமி பொண்ணுன்னு நெனச்சிகினு கீறாரு."

ஷாலினி வாயைப் பொத்திக்கொண்டாள். படிப்பு, போனில் வந்த சரி எல்லாம் தோற்ற இடத்தில், மாவுக் கையோடு வந்து ஜெயித்துவிட்டுப் போகிறாள் இவள். இப்படி ஒரு அண்ணி கிடைக்க அண்ணன் என்ன புண்ணியம் செய்தான் என்று ஷாலினி யோசித்துப் பார்த்தாள். ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

வெளியே அடுப்பு பிடிக்கவில்லை. பனியில் நனைந்த விறகு. புகைதான் வந்தது. சுஜாதா கண்ணைத் துடைத்துத் துடைத்து ஊதினாள். துளசிங்கத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"நான் ஒரு எட்டு போயி..."

"குந்துய்யா."

"அந்தம்மா பாவம் வசந்தி."

"பாவம்தான். அதுக்கு எழுந்து ஓடணுமா? சொன்னா பத்தாதா?" என்றவள், இருந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்தாள்: "மா! மோட்டார் ரூம்ல பரண் மேல காஞ்ச தென்னம்பாளை கீது, எடுத்துக்கங்க! நேத்தே போட்டு வச்சேன்!"

சுஜாதா போய் எடுத்து வந்தாள். அடுப்பு பிடித்தது. ஷாலினி இதில் மட்டும் அம்மாவோடு ஒத்துப்போகவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் புகையட்டுமே என்றிருந்தது அவளுக்கு. வசந்திக்கு அந்த மாதிரி ஆசைகள் கிடையாது. அடுப்பு எரியவேண்டும், தான் எழக்கூடாது, இரண்டும் ஒரே நேரத்தில் அவளுக்கு வேண்டியிருந்தது. இரண்டையும் நடத்திக் காட்டினாள்.

பானை பொங்கியது. கண்டிகையிலிருந்து மாடு பார்க்க வந்தவர்கள் "பொங்கலோ பொங்கல்!" என்று கூவினார்கள். தாழ்வாரத்திலிருந்து துளசிங்கம் அவர்களைவிடச் சத்தமாகக் கூவினார். வந்தவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு கிழவர் மட்டும், "இன்னா துளசி, புது வேட்டியா? ஜோரா கீது," என்றார். நாலு பேர் பேசியது அவ்வளவுதான்.

மாடுகளுக்கு ஊட்டியாயிற்று. வந்தவர்கள் கலைந்தார்கள். தோப்பு வேலைக்கு இப்போது மிஞ்சியிருப்பது வசந்தி வீடு மட்டும்தான்; தூக்குப் பாத்திரத்தோடு கிணற்றடியில் வந்து நிற்கவேண்டிய அவள் வரவில்லை. சுஜாதா கரண்டியோடு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு ஒரு வாழை இலையில் பொங்கலை வாரி வைத்து, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, தாழ்வாரப் படி ஏறி வந்தாள்.

"எங்க போற?" என்றார் ஜீப்பில் சாய்ந்திருந்த சிவப்பிரகாசம்.

சுஜாதா திரும்பிப் பார்க்காமல் அடுத்த படி ஏறினாள்.

வசந்தி இப்போது எழுந்தாள். வேலைக்காரி எழுகிற விதம் இல்லை. வீட்டுக்கு ஆள் வந்தால் எழுகிற விதம். வித்தியாசம் ஷாலினிக்குத் தெரிந்தது. சுஜாதாவுக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஏனென்றால் அவள் சட்டென்று படியிலேயே நின்றுவிட்டாள்.

"வாங்கம்மா, உள்ள வாங்க." இலையை வாங்கி வைத்துவிட்டு வசந்தி நாற்காலியைத் திருப்பிப் போட்டாள். "குந்துங்க. மொத மொத வரீங்க, வெறும் வாயோட அனுப்பமாட்டேன். துர்கா வடை சுட்டுகினு கீறா."

மொத மொத வரீங்க! தோப்பு யாருடையது, குடில் யாருடையது? ஆனால் வசந்தி சொன்ன விதத்தில் ஒரு தவறும் இல்லை. வசந்தி இருக்கும் வீட்டுக்குச் சுஜாதா வருவது இதுதான் முதல் தடவை.

சுஜாதா நின்றாள். எண்ணெயில் உளுந்து வடை வேகும் வாசம் வந்தது. உளுந்து வாயில் படாமல் ஒரு கனும கழிந்ததாகப் புத்தூர்ப் பெண்கள் யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் அவளைத் தடுத்தது வடை இல்லை. யார் சுட்ட வடை என்பது. இந்தக் குடும்பத்தின் கையில் தண்ணீர்கூட வாங்கிக் குடித்தறியாத வீடு அவளுடையது. வசந்தி இந்தக் குடிலில் ஊரான் வந்து சாப்பிடச் சமைப்பாள். சிவப்பிரகாசம் வீட்டு அடுப்படி வாசலை மட்டும் தாண்டியதில்லை. அது அந்தப் படியில் நின்ற ஒவ்வொருவருக்கும் தெரியும். யாரும் வாயால் சொல்லவில்லை. சொல்லாமலேதான் இத்தனை காலம் ஓடியிருக்கிறது.

வசந்தி வற்புறுத்தவில்லை. நாற்காலியின் தூசியை முந்தானையால் துடைக்கவும் இல்லை. பக்கத்தில் நின்றாள், அவ்வளவுதான். வந்தவர் உட்கார்ந்தால் உட்காரட்டும், இல்லாவிட்டால் போகட்டும் என்கிற நிற்றல். ஷாலினிக்குத் தெரிந்து ராணிகள் யாரும் இல்லை. இருந்தால் இப்படித்தான் நின்றிருப்பார்கள்.

சுஜாதா உட்கார்ந்தாள்.

துர்கா இலை போட்டு, சுடச்சுட வடை வைத்தாள். சுஜாதா ஒன்றை இரண்டாகப் பிட்டாள். ஆவி வந்தது. ஊதினாள். வாயில் போட்டாள். கண்ணை மூடிக்கொண்டு மென்றாள்.

"மிளகு எங்க ஊரு மாதிரியே ஒண்ணு ரெண்டா தட்டியிருக்க," என்றாள் தெலுங்கில்.

ஜீப் கதவு அறைந்து சாத்தும் சத்தம் கேட்டது. சிவப்பிரகாசம் தாழ்வாரத்துக்குக் கீழே வந்து நின்றார். மனைவியைப் பார்க்கவில்லை.

"வசந்தி! நாளைக்கு வந்து சாவியக் குடுத்துட்டுப் போயிடு. அதுக்கப்புறம் இந்தப் பக்கம் வர வேணாம். வேற ஆளப் பாத்துக்கறேன்."

துளசிங்கத்தின் கையிலிருந்த வடை அப்படியே நின்றது. ஷாலினி தன்னையே கேட்டுக்கொண்டாள். அம்மாவுக்கு ஒரு நாள் வாங்கிக் கொடுக்கிறேன் என்று அம்மாவின் எல்லா நாளையும் கொடுத்துவிட்டோமா?

வசந்தியின் முகத்தில் ஒரு கணம் ரத்தம் வற்றியது. அது மட்டும்தான். "ஆங், சரிங்கய்யா," என்றாள்.

சுஜாதா நிமிர்ந்தாள். வாயில் இருந்ததை நிதானமாக மென்று விழுங்கினாள். கணவரைப் பார்க்காமல், இலையைப் பார்த்தபடி சொன்னாள்.

"சாவிய என்கிட்ட குடு வசந்தி. தோப்பு எங்க நைனா எனக்கு எழுதி வச்சது. பத்திரம் என் பேர்லதான் கீது. யாரு வரணும், யாரு வரக்கூடாதுன்னு நான் சொல்றேன்."

இப்படி ஒரு பேச்சு அந்த வீட்டில் இதற்கு முன் எழுந்திருக்காது என்பதற்கு, சிவப்பிரகாசத்தின் முகம்தான் சாட்சி. அவர் திரும்பி ஜீப்பை நோக்கி நடந்தார்.

ஷாலினி அம்மாவைப் பார்த்தாள். இப்போதாவது கும்பிடுவாளோ, 'நீங்க நல்லா இருக்கணும்மா' என்று கண் கலங்குவாளோ என்று பயந்தாள்.

"யாரு கையில குடுத்தாலும் நாளைக்கு காலீலதான்மா குடுப்பேன்," என்றாள் வசந்தி. "இன்னிக்கு இந்த ஊட்ல நான் கீறேன். இன்னொரு வடை வைக்கட்டா?"

கேட்டருகே ஜீப்பின் ஹாரன் நீளமாக அடித்தது. நின்றது. மறுபடியும் அடித்தது.

சுஜாதா எழுந்திருக்கவில்லை. இலையைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தினாள்.